சுவர் சொன்ன எழுபத்திரண்டு

கூடத்துச் சுவரில் இருந்த, வீட்டின் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் வட்டத் திருகை லீயான் கழற்றப் போகிறாள் என்று தெரிந்ததும் ரெய்னோ காப்பிக் கோப்பையை மேஜைமேல் வைத்தார்.

"அது நான் மாட்டினது."

"தெரியும் மாமா."

"இத்தனை வருஷத்துல ஒரு தகராறும் பண்ணினதில்ல."

"புதன்கிழமை பண்ணிச்சே," என்றாள் லீயான், ஸ்க்ரூ டிரைவரை எடுத்தபடி.

சனிக்கிழமைக் காலை, வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. ஏரிப் பக்கமிருந்து வந்த காற்று சமையலறை ஜன்னலைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. ரெய்னோ அதைப் பார்த்தபடி மறுபடி கோப்பையை எடுத்துக்கொண்டார்.

புதன்கிழமை நடந்தது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மறுபடி அதைப் பேசத்தான் யாருக்கும் துணிவில்லை.

லீயானின் மகள் ஹில்மா நாள் நிறையாமல் ஏழு வாரம் முந்திப் பிறந்தவள். டுலூத் ஆஸ்பத்திரியின் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்துவிட்டு, இந்தத் திங்கட்கிழமைதான் டூ ஹார்பர்ஸ் என்ற ஏரிக்கரை ஊரில் இருக்கும் தாத்தா ரெய்னோவின் வீட்டுக்கு வந்திருந்தாள். அவளுடைய அப்பா, ரெய்னோவின் மகன் டேரிலுக்கு இரும்புத்தாது ஏற்றும் கப்பலில் வேலை. கடல் மாதிரி விரிந்த அந்த ஏரி உறைந்து கப்பல்களைக் கட்டிப்போடும் வரை வீட்டுக்கு வர முடியாது. கப்பல் ஏதாவது துறைமுகத்தை ஒட்டிப் போனால்தான் போன் வரும்.

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது நர்ஸ் லீயானின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். குழந்தை இருக்கும் அறை எழுபத்திரண்டு டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கவே கூடாது. இவ்வளவு சின்ன உடம்புக்குத் தன் சூட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ளத் தெரியாது. குளிர்ந்துபோனால் முதலில் பால் குடிப்பதை நிறுத்துவாள். பிறகு அழுவதை நிறுத்துவாள். அதற்குப் பிறகு...

"அழாம சமத்தா தூங்கறான்னு நெனச்சு ஏமாந்துடாதீங்கம்மா," என்று முடித்தாள் நர்ஸ்.

வீட்டுக்கு வந்த முதல் நாளே லீயான் இதை மாமனாரிடம் சொன்னாள். ரெய்னோ சிரித்துவிட்டார்.

"எழுபத்திரண்டா? தண்ணி உறையறதே முப்பத்திரண்டுலதான். அதுக்கு மேல எல்லாம் கோடைக்காலம் பொண்ணே."

தன் பிள்ளைகள் இரண்டு பேரும் குழந்தையாக இருந்தபோது குளிர்காலப் பகல்களில் வாசல் தாழ்வாரத்தில், தள்ளுவண்டியில்தான் தூங்கினார்கள் என்றும் சொன்னார். கம்பளிக்குள் மூக்கு மட்டும் வெளியே தெரியும். கன்னம் ஆப்பிள் மாதிரி சிவந்திருக்கும். பின்லாந்திலிருந்து வந்த தன் அம்மா தன்னையும் அப்படித்தான் தூங்க வைத்தாளாம். பெருமையாகத்தான் சொன்னார். மறுநாள் பரணிலிருந்து அந்தப் பழைய தள்ளுவண்டியையும் இறக்கித் துடைத்து தாழ்வாரத்தில் நிறுத்தினார். இப்போதைக்கு இல்லை, வசந்தகாலத்துக்கு என்றார்.

குளிர் இவ்வளவு கடுமையில்லாத மிசூரியில் பிறந்து வளர்ந்த லீயானுக்கு அன்றைக்குப் பிடித்த பயம் இன்னும் விடவில்லை.

புதன்கிழமை மாலை அவள் சோபாவில் சற்றுக் கண்ணயர்ந்துவிட்டாள். எழுந்து குழந்தை தூங்கிய பின்னறைக்குப் போய்ப் பார்த்தால் அறை சில்லிட்டுக் கிடந்தது. குழந்தையின் பாதம் பனிக்கட்டி. ஓடிவந்து சுவரில் இருந்த திருகைப் பார்த்தாள். முள் அசையாமல் எழுபத்திரண்டில் நின்றது.

அந்த நேரம் வீட்டில் இருந்தவர் ரெய்னோ ஒருவர்தான். நாத்தனார் மார்லிஸ் வேலை பார்க்கும் கடையிலிருந்து இன்னும் வரவில்லை. லீயான் கணக்குப் போட்டுவிட்டாள். இவர் திருகைக் குறைத்திருக்கிறார். தன் காலடிச் சத்தம் கேட்டதும் பழையபடி ஏற்றி வைத்துவிட்டார்.

கேட்டதற்கு அவர் இல்லை என்றார். அந்த ஒரு சொல்லோடு சரி.

அதனால்தான் இன்றைக்கு இந்தப் புதுப் பெட்டி. நேரத்துக்கு ஏற்றபடி வீட்டின் சூட்டை முன்கூட்டியே சொல்லிவைக்கலாம் என்கிற தெர்மோஸ்டாட். இரும்புச் சாமான் கடையில் வேலை பார்க்கும் மார்லிஸ்தான் வாங்கி வந்தாள். நாற்பதைத் தாண்டிய, கல்யாணம் செய்துகொள்ளாத, வாய் அடங்காத மார்லிஸ்.

"ஆள் வச்சு மாட்டலாமே லீயான். கடையிலயே ரெண்டு பேர் இருக்காங்க. ஒருத்தனுக்கு வேலை தெரியும்."

வேண்டாம் என்றாள் லீயான். டேரிலைச் சந்திப்பதற்கு முன் அவள் ஆயத்த வீடுகள் செய்யும் தொழிற்சாலையில் ஒயர் இழுத்தவள். இந்த வேலையை வேறு யார் கையிலும் விட அவளுக்கு மனமில்லை.

நிலவறைப் படிக்கட்டின் உச்சியில் ஹீட்டருக்கான ஸ்விட்ச் இருந்தது. அதை அணைத்தாள். கீழே உறுமிக்கொண்டிருந்த ஹீட்டர் அடங்கியது. அந்த அமைதி அவளுக்குப் பிடிக்கவில்லை. சீக்கிரம், சீக்கிரம் என்று அவளுடைய விரல்கள் தாமாகவே ஓடின.

வட்டத் திருகின் மூடியைக் கழற்றினாள். உள்ளே ஒரு சின்னக் கண்ணாடிக் குமிழில் பாதரசம் உருண்டது. அதை உடையாமல் எடுத்து ஜாம் பாட்டிலில் போட்டு மூடினாள். பின்னால் இரண்டே ஒயர், ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை. கழற்றியதும் இரண்டும் சுவருக்குள் நழுவிப் போய்விடாதபடி ஒரு பென்சிலில் சுற்றி நிறுத்தினாள்.

ஒயர் வந்த ஓட்டை கட்டைவிரல் நுழையும் அளவுக்குப் பெரிதாக இருந்தது. அதிலிருந்து லேசாகப் புகைக்கரி வாசனை வந்தது. புதுப் பெட்டியோடு வந்த குறிப்பில் ஓட்டையைப் பஞ்சோ சுவர்ப் பூச்சோ வைத்து அடைக்கச் சொல்லியிருந்தது. அதற்குள் பின்னறையில் குழந்தை சிணுங்கினாள். அடைப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பெட்டியை வைத்துத் திருகாணிகளை முடுக்கினாள். ஒயர்களைச் சொருகி, பேட்டரிகளைப் போட்டாள். சாம்பல் நிறத் திரையில் எண்கள் விழித்துக்கொண்டன. படிக்கட்டுக்குப் போய் ஸ்விட்சைப் போட்டாள், கீழே ஹீட்டர் மறுபடி உறுமியது.

பெட்டி அவளைக் கேள்வி கேட்டது. காலையில் எத்தனை மணிக்கு எழுவீர்கள்? எத்தனை மணிக்கு வெளியே போவீர்கள்? எப்போது திரும்புவீர்கள்? எப்போது தூங்குவீர்கள்? ஆள் இல்லாத நேரமும் தூங்கும் நேரமும் சூட்டைக் குறைத்து ஹீட்டரில் எரியும் எண்ணெயை மிச்சம் பிடிப்பதுதான் அதன் வேலை. லீயான் எதையும் மிச்சம் பிடிக்க வரவில்லை. எழும் நேரத்துக்கு எழுபத்திரண்டு என்று அழுத்தினாள். போகும் நேரத்துக்கும் எழுபத்திரண்டு. திரும்பும் நேரம், தூங்கும் நேரம், சனி, ஞாயிறு எல்லாவற்றுக்கும் அதே எண்.

கடைசியாகப் பூட்டு. தன் மனதில் மட்டும் இருக்கும் நான்கு எண்களை அழுத்தினாள். திரையின் மூலையில் ஒரு குட்டிப் பூட்டுப் படம் வந்து உட்கார்ந்தது. இனி அந்த எண்கள் தெரியாமல் யாரும் எதையும் மாற்ற முடியாது.

ரெய்னோ பின்னால் வந்து நின்றிருந்தார்.

"என் வீட்டுல எனக்கே பூட்டா?"

"வீட்டுக்கு இல்ல மாமா. இந்தப் பெட்டிக்கு மட்டும்."

"எல்லாம் ஒண்ணுதான்."

மார்லிஸ் சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தாள். கோழிக் கொட்டகைக் கதவுக்கு மாட்டுகிற பெரிய பூட்டு கடையில் வந்திருக்கிறது, அப்பா வாய்க்கும் ஒன்று வாங்கி வரட்டுமா என்று கேட்டாள்.

லீயான் மாமனாரிடம் இன்னொன்றும் சொன்னாள். அவருக்கு இருமல் இன்னும் சரியாகவில்லை. பின்னறைப் பக்கம் போக வேண்டாம்.

அவர் தலையை ஆட்டிவிட்டு, தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு விறகு பிளக்கப் போனார். சனிக்கிழமை ஆயிற்றே. உலகமே கவிழ்ந்தாலும் சனிக்கிழமையும் புதன்கிழமையும் அந்த வீட்டு நிலவறையில் சவுனா, அதாவது பின்லாந்துக்காரர்களின் விறகடுப்பு ஆவிக்குளியல், மூட்டியாக வேண்டும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் ரெய்னோவின் வாரம் அந்த இரண்டு நாட்களைச் சுற்றித்தான் ஓடியது.

மதியம் லீயான் குழந்தைக்குப் பால் கொடுத்துத் தூங்கவைத்தாள். பின்னறை பிற்பாடு வீட்டோடு சேர்த்துக் கட்டியது. அதன் கீழே நிலவறை கிடையாது, வெறும் மண். வீட்டின் முன்பக்கத்தில் விறகுப் புகையும் ரெய்னோவின் இருமலும் இருந்ததால் அவளே தேடிப் பிடித்த இடம் அது. ஏரிக்காற்று ஜன்னலில் முட்டியது. ஹீட்டரின் சூடான காற்று வரும் தரைத் துளையில் கையை வைத்துப் பார்த்தாள். வெதுவெதுப்பாக வந்தது. சூடு வெளியே போய்விடக் கூடாது என்று கதவை இறுக்கிச் சாத்திவிட்டு வந்தாள்.

அதன் பிறகு அவள் கதவைத் திறக்கவில்லை. திறந்தால் குளிர் புகும், குழந்தை விழிக்கும். அதற்குப் பதிலாகக் கூடத்துக்குப் போய்த் திரையைப் பார்த்தாள்.

எழுபத்திரண்டு.

பாத்திரம் கழுவிவிட்டுப் பார்த்தாள். எழுபத்திரண்டு. மார்லிஸ் ஏலக்காய் ரொட்டி வெட்டிக் கொடுத்ததை மென்றுகொண்டே எட்டிப் பார்த்தாள். எழுபத்து மூன்று. முதல் நாள் கொஞ்சம் கூடக் காட்டும் என்று குறிப்பில் படித்திருந்தாள். திங்கட்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக அவளுடைய தோள்கள் இறங்கின.

ஹீட்டரின் உறுமல் கேட்டு வெகுநேரம் ஆகியிருந்தது. வீடு போதுமான சூட்டில் இருக்கிறது, அதனால்தான் ஓடவில்லை என்று எண்ணிக்கொண்டாள்.

இருட்டியதும் மார்லிஸ் துண்டோடு வந்து நின்றாள். பெண்கள் முதலில் போவதுதான் அந்த வீட்டு வழக்கம். ரெய்னோ கடைசியில் போவார்.

"வா. பிள்ளை பெத்ததுலேர்ந்து நீ சவுனா பக்கமே வரல. முதுகு பலகை மாதிரி ஆயிருக்கும்."

"ஹில்மா..."

"தூங்கறா. அப்பா மேலேதான இருக்கார். அந்தப் பெட்டியத்தான் நீயே பூட்டி வச்சிருக்க. அப்புறம் என்ன?"

லீயான் திரையை ஒரு முறை பார்த்தாள். எழுபத்து நான்கு. மூலையில் குட்டிப் பூட்டு.

அந்தப் பூட்டை நம்பித்தான் அவள் நிலவறைக்கு இறங்கினாள்.

சவுனாவின் பலகையில் உட்கார்ந்ததும் சூடு முதுகைப் பிடித்தது. கற்கள் நிறைந்த அடுப்பில் மார்லிஸ் தண்ணீர் ஊற்றினாள். சீறிக்கொண்டு ஆவி எழுந்தது.

மேலிருந்து சத்தம் கேட்டது. தொம். தொம்.

"அது என்ன?"

"அப்பா பூட்ஸ்ல பனி தட்றார். விறகு எடுக்கப் போயிருப்பார்," என்றாள் மார்லிஸ். இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

மறுபடியும் தொம், தொம் என்று கேட்டது. கற்கள் சீறியதில் அதுவும் அமுங்கிப் போனது.

மார்லிஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, வேறு யாரையோ பார்த்துச் சொல்வது போல, அடுப்பைப் பார்த்துச் சொன்னாள்.

"லீயான், நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. அப்பா பிடிவாதக்காரர்தான். அம்மாவ அதுலயே பாதிக் கொன்னார். ஆனா பொய் சொல்ல மாட்டார். அவர் திருகியிருந்தா, 'ஆமா, திருகினேன், இப்ப என்னங்கற'ன்னு மூஞ்சிக்கு நேரா கேட்டிருப்பார். இல்லன்னா இல்லதான்."

லீயான் துண்டை மடியில் இறக்கி வைத்தாள்.

அவர் திருகவில்லை என்றால், புதன்கிழமை அந்த அறையைக் குளிர வைத்தது எது?

இவ்வளவு நாளும் ஒரு மனிதருக்குப் பயந்தாள். மனிதருக்கு எதிராகப் பூட்டுப் போடலாம். அது மனிதர் இல்லையென்றால், பூட்டு யாரைத் தடுத்தது?

அவள் எழுந்துவிட்டாள். மார்லிஸ் என்ன என்று கேட்பதற்குள் துணியை மேலே போட்டுக்கொண்டு ஈரத்தோடு படியேறினாள்.

கூடம் கதகதப்பாக இருந்தது. திரையில் எழுபத்தாறு. ரெய்னோவைக் காணவில்லை.

பின்னறைக் கதவு திறந்து கிடந்தது.

வாசலில் கால் வைத்ததும் குளிர் அவளைக் கன்னத்தில் அறைந்தது. ஜன்னல் கண்ணாடியின் உட்பக்கம் பனி பூத்திருந்தது. தரையின் காற்றுத்துளையில் மூச்சே இல்லை. அவளுடைய மூச்சு மட்டும் வெள்ளையாக முன்னால் மிதந்தது.

தொட்டில் காலி.

போர்வையும் இல்லை.

அவள் கத்தவில்லை. கத்தினால் அது உண்மையாகிவிடும் போல இருந்தது. ஒரே ஒரு படம்தான் கண்முன் வந்தது. தாழ்வாரம், பரணிலிருந்து இறக்கிய தள்ளுவண்டி, ஆப்பிள் மாதிரிக் கன்னம்.

வாசலுக்கு ஓடினாள். தாழ்வாரக் கதவைத் திறந்ததும் காற்று அவளைப் பின்னால் தள்ளியது. வெறும் காலோடு இறங்கினாள். தள்ளுவண்டி மூலையில் நின்றது. அதன் மேல் பனி குவிந்திருந்தது. உள்ளே போர்வை மேடாகத் தெரிந்தது.

இரண்டு கையாலும் பனியை வாரினாள். போர்வையைப் பிடித்து இழுத்தாள். அது உறைந்து பலகையாகி வந்தது. அடியில் வேறொன்றும் இல்லை. பழைய போர்வை. வெறும் வண்டி.

"லீயான்." மார்லிஸின் குரல் உள்ளேயிருந்து வந்தது. "சமையலறைக்கு வா. ஓடி வா."

சமையலறையில் கேக் சுடும் அடுப்பின் கதவு அகலத் திறந்திருந்தது. அதன் முன்னால் நாற்காலி போட்டு ரெய்னோ உட்கார்ந்திருந்தார். கம்பளிச் சட்டையின் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டிருந்தார். நெஞ்சில் ஒரு சிறிய மேடு. மேலே ஹில்மாவின் மஞ்சள் தொப்பியின் நுனி.

"சத்தம் போடாத," என்றார். "சூடு ஏறிட்டிருக்கு. ஆனா உறிஞ்ச மாட்டேங்கறா. வாயில விரல வச்சுப் பார்த்தேன். உறிஞ்சல."

பின்னறையிலிருந்து வெகுநேரம் ஒரு சத்தமும் வராதது அவரை உறுத்தியிருக்கிறது. போகக் கூடாது என்று சொல்லப்பட்ட அறைக்குள் போனார். தொட்டுப் பார்த்தார். ஓடிப்போய்த் திரையை அழுத்தினார். அது நான்கு எண்களைக் கேட்டது. எதை அழுத்தினாலும் பூட்டுப் படம் சிமிட்டிவிட்டு அப்படியே நின்றது. பூட்ஸ் காலால் தரையை ஓங்கி ஓங்கி மிதித்தார். பெண்கள் குளிக்கும் நேரத்தில் சவுனாக் கதவைத் தட்டுவது அவர் வாழ்நாளில் செய்யாத காரியம். படி வரை போய், அங்கிருந்து குரல் கொடுத்திருக்கிறார். பிறகு நேரத்தை வீணாக்காமல் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துவிட்டுச் சட்டையைத் திறந்தார்.

இதையெல்லாம் அவர் வரிசையாகச் சொல்லவில்லை. மூச்சு வாங்க, விட்டு விட்டுச் சொன்னார்.

லீயான் கையை நீட்டினாள். "குடுங்க."

ரெய்னோ அவளுடைய கைகளைப் பார்த்தார். பனி வாரிய விரல்கள் சிவந்து விறைத்திருந்தன. ஈரத் தலைமுடி கம்பி கம்பியாக உறைந்திருந்தது.

"உன் மேல இப்ப வச்சா இருக்கற சூடும் போயிடும் பொண்ணே."

அவர் சொன்னது சரி. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. அவள் தரையில் மண்டியிட்டு, தொடாமல், சட்டையின் கழுத்துப் பொத்தானுக்குள் தெரிந்த சின்ன நெற்றியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். உதடு வெளுத்திருந்தது. கண் மூடியிருந்தது. நெஞ்சு மேடு ஏறுகிறதா, இறங்குகிறதா? ஏறுவது குழந்தையின் மூச்சா, அவருடைய மூச்சா?

மார்லிஸ் கம்பளியைக் கொண்டுவந்து அவள் மேல் போர்த்தினாள்.

ஆம்புலன்ஸில் வந்தவள் பெயர் ஜோடி. கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு சட்டைக்குள் விட்டு வெப்பமானியை வைத்தாள். எடுத்துப் பார்த்தாள். அது காட்டிய அளவை யாருக்கும் சொல்லவில்லை. தன்னோடு வந்தவனைப் பார்த்து டுலூத் என்று மட்டும் சொன்னாள்.

"நான் அம்மா," என்றாள் லீயான். "நான் வரேன்."

"நீங்களே நடுங்கறீங்கம்மா. பாப்பா இந்த நெஞ்சுல இருக்கற வரைக்கும்தான் சூடு ஏறும். இப்ப மாத்தக் கூடாது. அவர்தான் வரணும். எங்களுக்கு உள்ள ஒரு இடம்தான். நீங்க பின்னாடியே வாங்க."

லீயான் திரும்பி மாமனாரைப் பார்த்தாள். காலையில் இவரை வெளியே நிறுத்தத்தான் பூட்டுப் போட்டாள். இப்போது அவருடைய சட்டைக்குள் தன் குழந்தையை அனுப்பியாக வேண்டும்.

"போங்க மாமா," என்றாள்.

கூடத்தில் அவசரமாகக் காலுறையை இழுத்து மாட்டும்போது தடுமாறி, சுவரில் கையை ஊன்றினாள். ஊன்றிய கையைச் சட்டென்று எடுத்தாள். மறுபடி வைத்துப் பார்த்தாள்.

காய்ச்சல்காரரின் நெற்றி மாதிரிச் சுவர் கொதித்தது.

பெட்டியின் விளிம்பில் விரலை வைத்தாள். அவள் அடைக்காமல் விட்ட ஓட்டையிலிருந்து புகைக்கரி வாசனையோடு சூடான காற்று வந்துகொண்டிருந்தது. சவுனா அடுப்பின் சிம்னி அந்தச் சுவருக்குள்தான் மேலே ஏறுகிறது. சவுனா எரியும்போதெல்லாம் சுவர் சூடாகும். சுவர் சூடானால், வீடே சூடாக இருக்கிறது என்று பெட்டி நம்பும். ஹீட்டரை ஓட விடாது. முன்பக்கம் கதகதப்பாக இருக்கும். யாருக்கும் தெரியாது. ஹில்மா வரும்வரை பின்னறையில் யாரும் தூங்கியதில்லை.

இன்றைக்குச் சனிக்கிழமை. அன்றைக்குப் புதன்கிழமை.

ஆம்புலன்ஸ்காரர்கள் ரெய்னோவைக் கைத்தாங்கலாக நடத்திக் கூட்டிப்போய்க்கொண்டிருந்தார்கள். அவளுடைய கை சுவரில் இருப்பதைப் பார்த்து அவர் நின்றார். அவருக்கும் புரிந்துவிட்டது.

"கூடம் வெதுவெதுப்பா இருக்கட்டும்னு நான்தான் சிம்னிய அந்தப் பக்கமா ஏத்தினேன்," என்றார். நெஞ்சு மேட்டின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு பனிக்குள் இறங்கினார்.

மார்லிஸ் காரை ஓட்டினாள். ஏரியை ஒட்டிய நெடுஞ்சாலையில் பனி குறுக்காகப் பறந்தது. முன்னால் ஆம்புலன்ஸின் சிவப்பு விளக்குகள் மட்டும் தெரிந்தன. லீயான் காரின் சூட்டுக் காற்றில் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டே வந்தாள். விரல்கள் எரிந்தன. எரியட்டும் என்றிருந்தது. சூடாக வேண்டும். அங்கே போய்ச் சேரும்போது அவள் உடம்பு சூடாக இருக்க வேண்டும்.

"நல்லா இருப்பா," என்றாள் மார்லிஸ். சற்றுப் பொறுத்து, "அப்பாவ விடவா இவ பிடிவாதம் கம்மியா இருக்கப்போறா?" என்றாள். குரல் பாதியில் உடைந்தது.

அப்போதுதான் முன்னால் போன விளக்குகள் பளிச்சென்று சிவந்தன.

ஆம்புலன்ஸ் வேகம் குறைந்தது. ஓரமாக ஒதுங்கியது. நின்றுவிட்டது.

இன்னும் டுலூத் வரவில்லை. அருகே வீடு இல்லை, கடை இல்லை. ஒரு பக்கம் காடு, மறுபக்கம் ஏரி. நடுவில் எதற்காக நிறுத்துவார்கள்?

லீயானுக்குக் காரணம் தெரிந்துவிட்டது போல இருந்தது. அதை மனதுக்குள் கூட வார்த்தையாக்க அவளால் முடியவில்லை. மார்லிஸ் பிரேக்கை மிதிப்பதற்குள் கதவைத் திறந்துவிட்டாள். முழங்கால் வரை பனி. விழுந்தாள். எழுந்து ஓடினாள். சிவப்பு வெளிச்சத்தில் பனித்துகள்கள் கண்ணில் குத்தின.

பின் கதவு உள்ளேயிருந்து திறந்தது.

முதலில் கேட்டது அழுகை.

மெலிந்த, கிழிந்த, கோபமான அழுகை. பசிக்கிறது, எங்கே போனாய் என்று கேட்கும் அழுகை. ஆஸ்பத்திரியின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த அத்தனை நாளிலும் ஹில்மா இவ்வளவு உரக்க அழுததில்லை.

லீயான் உள்ளே ஏறினாள். ஜோடி குழந்தையின் பக்கம் பார்க்கவில்லை. மண்டியிட்டு ரெய்னோவின் முகத்தில் ஆக்சிஜன் மூடியை அழுத்திப் பிடித்திருந்தாள். அவருடைய முகம் சாம்பலாகியிருந்தது. வேர்த்துக் கொட்டியது.

"பாப்பாவ எடுத்துக்கங்க," என்றாள் ஜோடி, திரும்பாமல். "அவளுக்கு ஒண்ணும் இல்ல. இவருக்குத்தான் மாரடைப்பு மாதிரி தெரியுது, அதான் நிறுத்தினோம். இடது கை வலிக்குதுன்னார். எப்பலேர்ந்துன்னு கேட்டா, வீட்டுல உக்காந்திருந்தப்பவேங்கறார். ஏன் சொல்லலன்னு கேட்டா, சொன்னா குழந்தைய எடுத்துடுவீங்கல்லங்கறார்."

லீயான் பொத்தான்களைக் கழற்றினாள். ஒன்று வர மறுத்தது. பிய்த்து எடுத்தாள். அவருடைய நெஞ்சோடு ஒட்டிக்கிடந்த அந்தச் சின்ன உடம்பு வெதுவெதுப்பாக அவளுடைய கைக்கு வந்தது. தன் கம்பளிக்குள் இழுத்துக்கொண்டாள். ஹில்மாவின் வாய் அங்குமிங்கும் தேடியது. கண்டுபிடித்தது. பிடித்துக்கொண்டது. அழுகை நின்றது. இந்த முறை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

ரெய்னோவின் கண் அந்தச் சத்தத்தின் பக்கம் திரும்பியது. ஏதோ சொல்ல வந்தார். ஜோடி பேசக் கூடாது என்றாள். அவர் ஒரு விரலால் மூடியைச் சற்றே விலக்கினார். லீயான் குனிந்து காதை அவருடைய வாயருகே கொண்டுபோனாள்.

"கதவச் சாத்து பொண்ணே," என்றார். "குளிர் உள்ள வருது."